கண்ணாடிக்குள் ஒரு கடல் – வீட்டுப் பவளத் தொட்டியின் கதை

விலங்கியல் படித்தவர்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ஆய்வக அலமாரியில், பார்மலின் ஜாடிகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு பவளக் கிளை இருக்கும். 'ஸ்பாட்டர்' தேர்வில் அதைப் பார்த்து 'குழியுடலிகள் தொகுதி' என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவோம். நண்பர்களே, அந்த வெள்ளைக் கிளை வெறும் எலும்புக்கூடுதான். உயிருள்ள பவளமோ பழுப்பும் பச்சையும் ஊதாவுமாக, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வாய்களோடு அசைந்துகொண்டிருக்கும். இதை வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. கற்றுக்கொடுத்தவர்களில் பலர் பேராசிரியர்கள் அல்ல. நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவை.

முதல் 'ஏர் பம்ப்'

1846ஆம் ஆண்டு. அன்னா தின் என்ற ஆங்கிலச் சீமாட்டி டார்க்கி கடற்கரையில் சிறு பவள உயிரிகளைக் கண்டு ஆசைப்பட்டார். அவற்றை ஒரு கடற்பஞ்சில் ஊசி நூலால் தைத்து, ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீர் கெட்டுப்போகாமல் இருக்கக் காற்று வேண்டுமே! ஒரு பணிப்பெண் தினமும் அரை மணி நேரத்துக்கு மேல், திறந்த ஜன்னலருகே நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருப்பார், நாம் டீ ஆற்றுவதுபோல. பவளத் தொட்டியின் முதல் 'ஏர் பம்ப்' அந்தப் பெண்ணின் கைதான்! அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் கூடவே வளர்த்தார் அன்னா. பாசி வெளிச்சத்தில் பிராணவாயு தந்தது; ஜாடிக்குள் ஒரு சமநிலை உண்டானது. பவளங்கள் ஆண்டுக்கணக்கில் பிழைத்தன, பெருகவும் செய்தன.

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845இல் நீங்கியிருந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற நூல் வந்ததும் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பற்றிக்கொண்டது. விளைவு? கூடையும் உளியுமாகக் கிளம்பிய கூட்டம் கடலோரப் பாறைக் குட்டைகளைத் துடைத்தெடுத்துவிட்டது. காஸின் மகன் எட்மண்ட் காஸே 1907இல் வெளியிட்ட நினைவு நூலில், அந்தக் குட்டைகள் பாழாய்ப் போனதை வேதனையோடு எழுதியிருக்கிறார். அழகை வீட்டுக்குக் கொண்டுவந்த கலை, அழகு இருந்த இடத்தை வெறுமையாக்கியது. இந்த முரண்பாடு கடைசிவரை கூடவே வரும்.

ஜகார்த்தா சொன்ன பாடம்

அன்னா வளர்த்தது குளிர்நீர்ப் பவளம். வெப்பக் கடலின் பவளப்பாறை வேறு சங்கதி. அந்தப் பவளங்களின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குப் பங்கு கொடுக்கின்றன. ஆக, வெளிச்சமும் வேண்டும், தண்ணீர் பளிங்குபோலச் சுத்தமாகவும் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் தொட்டியில் வைத்த பவளமெல்லாம் சில வாரங்களில் செத்துப்போனது.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் நிறைந்த பாறைத் துண்டுகள், நல்ல கடல்நீர், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி. அவ்வளவுதான்! சூட்சுமம் அந்த 'உயிர்ப்பாறை'யில் இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாறையின் மேலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். பாறையின் உட்புறத்தில் பிராணவாயு இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். வடிகட்டி வாங்க வேண்டியதில்லை, பாறையே வடிகட்டி. ஆனால் வெளிநாட்டு ஆர்வலர்களில் பலர் சரளைக்கல் வடிகட்டிகளையே நம்பியிருந்த காலம் அது. லீ சொன்னது பரவலாக ஏறுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

சுண்ணாம்புத் தெளிவும் முருங்கைக் கொம்பும்

அடுத்த திருப்பம் ஐரோப்பாவில். பவளம் தன் எலும்பைக் கட்டுவது சுண்ணாம்பால். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. சின்னத் தொட்டியில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் இதற்குச் சொன்ன வைத்தியம் நமக்கெல்லாம் பழக்கமானதுதான்: சுண்ணாம்புத் தெளிவு நீர். சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும், ஆவியான தண்ணீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காரம் அதிகம் என்பதால் அவசரப்பட்டு ஊற்றினால் எல்லாம் போச்சு.

1980களில் பெர்லினில் ஆர்வலர்கள் உயிர்ப்பாறை, பலமான விளக்கு, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தார்கள். அதற்கு 'பெர்லின் முறை' என்றே பெயர். அந்த ஊர்க்காரரான டீட்ரிச் ஸ்டூபர், வளர்ப்பதற்குக் கடினமென்று கருதப்பட்ட அக்ரோபோரா பவளத்தைத் தன் தொட்டியில் வளர்த்துக் காட்டினார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் தழைக்கிற மாதிரி, பவளக் கிளையை ஒடித்து ஒட்டினாலும் தழைக்கும். ஸ்டூபர் கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு தொட்டியில் வளர்ந்த பவளம் பல தொட்டிகளுக்குப் பரவியது. கடலில் கை வைக்காமலே பவளம் பெருகலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. 1990 முதல் கடினப் பவளங்களின் சர்வதேச வணிகமும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.

நம்ம கடல்

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1969 ஜனவரியில் பவளப்பாறைகளைப் பற்றிய உலக விஞ்ஞானிகளின் முதல் கருத்தரங்கு நடந்த இடம் எது தெரியுமா? நம்ம ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாம்! அதே மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பகுதியில், சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பவளக் கல்லை வருடக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதிலுள்ள 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியே போயின. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறையை வெட்டினால் மண் எப்படி நிற்கும்?

2001இல் கடினப் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் பவளத்துக்கும். ஆகவே நம் நாட்டில் வீட்டில் பவளம் வைப்பது சட்டப்படி குற்றம். "கரையில் கிடந்தது சார்" என்பதெல்லாம் எடுபடாது.

திருப்பிக் கொடுக்கும் காலம்

இத்தனை வருடத் தொட்டிப் பழக்கம் வீணா? இல்லை. கடல் சூடாகும்போது பவளம் தன் பாசிகளை இழந்து வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆண்டுகளில் இதைக் கண்டது. இன்று பவளத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு, அதைத் தொட்டியில் உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர்களின் அறிவு தேவைப்படுகிறது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர், தொட்டிக்குள்ளேயே பருவ வெப்பத்தையும் நிலவொளியையும் உண்டாக்கி, நான்கு அக்ரோபோரா இனங்களை முட்டையிட வைத்ததை 2017இல் வெளியிட்டார்கள். அன்னா தின் ஜாடி வைத்திருந்த அதே லண்டன்! புளோரிடாவில் 2014இல் பரவத் தொடங்கிய கொடிய நோயிலிருந்து தப்புவிக்க, பவளங்களைக் கடலிலிருந்து எடுத்து அமெரிக்காவின் பல காட்சியகத் தொட்டிகளில் அடைக்கலம் கொடுத்தார்கள். 2019இல் அங்கே தூண் பவளம் தொட்டியிலேயே முட்டையிட்டது.

வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களில் தொட்டி வைக்க ஆசைப்படுவோர், அந்தந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிந்து, தொட்டியில் வளர்த்து ஒடித்த துண்டுகளையே வாங்குங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 25, 26 டிகிரி வெப்பம், பாக்டீரியா நிலைகொள்ள ஒரு மாதத்துக்கு மேல் பொறுமை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. எனவே நல்ல தண்ணீரைத்தான் ஈடு செய்ய வேண்டும்.

இங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: பவளம் வேண்டாம், கடல்நீர்த் தொட்டி வைக்கலாமே! கோமாளி மீனை வளர்ப்பிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பிறந்த ஒரு ஜோடி மீனோடு, தினமும் உப்பும் வெப்பமும் குறித்து ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கடல் எவ்வளவு நுட்பமாகத் தன்னைத்தானே கவனித்துக்கொள்கிறது என்பது மூன்று மாதத்தில் விளங்கிவிடும். அது விளங்கியவர்கள்தான் நாளைக்கு மன்னார் வளைகுடாவுக்குத் தேவை.