கமகமும் மிடியும்

ஒலிநாடாவில் பதிந்த ஒரு சுரம் பிழையானால், நாடாவை வெட்டி ஒட்ட வேண்டும். அன்றேல் மீண்டும் வாசிக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டில் ஜப்பானியர் இக்குதாரோ காக்கேஹாஷியும் அமெரிக்கர் டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கிய ‘மிடி’ முறை இவ்விடர்ப்பாட்டைக் குறைத்தது. அது ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் குறிப்பையே எண்களாக அனுப்புகிறது. எண்ணை மாற்றினால் சுரமும் மாறும்.

1989-இல் அட்டாரி கணிப்பொறிக்கென வெளிவந்த ‘கியூபேஸ்’ மென்பொருள், தானியங்கிப் பியானோவின் துளைத்தாளைப் போலச் சுரங்களைத் திரையில் சிறு கோடுகளாக வரைந்து காட்டியது. அவற்றை நகர்த்தலாம், நீட்டலாம், அழிக்கலாம்.

எனினும், நம் இசைக்கு இது போதவில்லை. ஒரு மிடி இணைப்பில் 16 வழிகள் உண்டு. சுருதியை வளைக்கும் கட்டளை, ஒரு வழியிலுள்ள எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைத்துவிடும். ஆதார சட்ஜம் ஒலிக்கையில் அதே வழியில் காந்தாரத்தை அசைத்தால், சட்ஜமும் உடன் அசையும்.

2018-இல் ஏற்கப்பெற்ற விரிவு, சுரந்தோறும் தனி வழி வகுத்தது. 2020-இல் வந்த மிடி 2.0, ஒரே வழிக்குள்ளும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடமளித்தது. 128 படிகளாயிருந்த விசையளவு 65,536 படிகளாயிற்று.

வழி திறந்துவிட்டது. இனித் திருத்தும் திரையும் சுரத்தை அசையாக் கோடாகக் காட்டாமல், நெளிந்து செல்லும் வளைவாகவே காட்டித் திருத்த இடந்தர வேண்டும். நாம் இதனைக் கேட்பது ஆடம்பரமன்று. கமகம் நீங்கின் தோடி தோடியாகாது.