மேஜைக் கணினிக்கு வேலை இருக்கிறதா?

கம்ப்யூட்டர் என்றால் மேஜை, நாற்காலி, மேலே ஒரு தூசி உறை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் லேபுக்குள் போனோம், ஞாபகம் இருக்கா? அந்தப் பெட்டிகளைவிடப் பல மடங்கு வேகமான சாமான் இன்று சட்டைப் பையில் கிடக்கிறது. "பின்னே டெஸ்க்டாப் எதுக்கு?" என்று எங்கள் ராயகிரியில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. அது எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளுக்குள் வர முப்பது வருஷம் ஆயிற்று. பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர், 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்தான். (லேப்டாப்பும் மடக்கி வைத்த மேஜைதான், என் கணக்கில்.) அதற்குள் செல்போன் முந்திக்கொண்டது.

2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகளைப் பூட்டியதும் பாடமெல்லாம் போனுக்குள் போயிற்று. என் அக்கா மகன் அப்போது டிப்ளமோ. பாடம் கேட்பதற்குப் போன் போதுமாக இருந்தது. புரோகிராம் எழுதச் சொன்னதும்தான் வந்தது வினை. ஒரு சுருள் அடைப்புக்குறி போட கீபோர்டை இரண்டு தடவை மாற்றணும்! எழுதினது ஏழெட்டு வரிக்கு மேல் கண்ணில் படாது. "கண்ணு வலிக்கி மாமா" என்று விட்டுவிட்டான்.

வேகம் ஒரு குறையே இல்லை. அதே 2020 நவம்பரில் ஆப்பிள், போன் சிப்பின் வம்சத்தில் வந்த எம்1-ஐத் தன் மேஜைக் கணினியிலேயே வைத்துவிட்டது. சாம்சங்கோ 2017-லேயே போனை மானிட்டரில் மாட்ட 'டெக்ஸ்' கொடுத்தது. எவ்வளவு பலம் வந்தாலும் போன் கடைசியில் கேட்பது பெரிய திரையும் கீபோர்டும்தான். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் கம்ப்யூட்டருக்கான மென்பொருள்தான். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் 2011 முதல் இருக்கிறது. அங்கே உருவாகி 2016-ல் வெளிவந்த மென்பொருளின் பெயர் 'ஸோஹோ டெஸ்க்'. பேரிலேயே மேஜை!

போன் மட்டும் உள்ள பிள்ளை அடுத்தவர் செய்ததைப் பார்க்கலாம். தானாக ஒன்றைச் செய்து பார்க்க மேஜை வேண்டும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏறாது என்று ஒதுக்கிய நல்ல பெட்டிகள் உங்கள் ஆபீஸ்களிலும் கிடக்கும். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். ராயகிரிக்கு நாலு பெட்டியும் ஒரு யு.பி.எஸ்.ஸும் கிடைத்தால் போதும். கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.