ஏமடைட்டு மாசூட்டல்

ஏமடைட்டு மாசூட்டல் என்பது, சூரிய ஒளியால் நீரை ஐதரசன், ஆக்சிசன் எனப் பகுக்கும் இரும்பு ஆக்சைடு மின்முனையில் வேற்றணுக்களைச் சிறிதளவு சேர்த்து அதன் திறனைக் கூட்டும் முறையாகும்.

தாமிரபரணிக்குத் தெற்கே, பழைய திருநெல்வேலி மாவட்டப் பகுதியிலுள்ள தேரி மணலுக்குச் செந்நிறம் தருவது ஏமடைட்டே. ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி கொண்ட இக்கனிமம் கட்புல ஒளியை உறிஞ்சும்; மலிவானது; காரக்கரைசலில் அரிக்கப்படாது. ஆயினும் இதன் மின்கடத்துதிறன் மிகக் குறைவு. ஒளியால் தோன்றும் மின்துளைகள் சில நானோமீட்டர் தொலைவிற்குள் எலக்ட்ரான்களுடன் இணைந்து மறைகின்றன.

மும்மை நேர்மின்சுமை கொண்ட இரும்பின் இடத்தில் நான்மை நேர்மின்சுமை கொண்ட தைட்டானியம், வெள்ளீயம் அல்லது சிலிக்கான் அமையும்போது கூடுதல் எலக்ட்ரான்கள் கிடைத்துக் கடத்துதிறன் உயர்கிறது. 2006 இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மைக்கேல் கிராட்செல் குழுவினர் சிலிக்கான் மாசூட்டிய படலத்தால் ஒளிமின்னோட்டத்தைப் பெருக்கினர். மாசு அளவு மீறினால் அதுவே மின்துளைகளை அழிக்கும் மையமாகிவிடும். எனவே உரிய விகிதத்தைக் காண்பது இம்முறையில் முதன்மையானது.