சேலம் கணக்கில் விடுபட்ட பத்தி

சேர்வராயன் மலை என்றதும் நம்மில் பலருக்கு ஏற்காட்டு ஏரியும், 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடியுமே நினைவுக்கு வரும். அம்மலை அடங்கிய சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக, மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மாகாணப் பிரதமராயிருந்த ராஜாஜி (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தனர்) தம் சொந்த மாவட்டத்தையே சோதனைக்களமாக்கினார்.

மதுவிலக்கு வென்றதா தோற்றதா என்ற பழைய வழக்கை நாம் இங்கே எடுக்கப்போவதில்லை. நம்மைக் கவர்ந்தது வேறொன்று. சட்டத்தின் பின்னாலேயே கணக்கும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில், மதுவிலக்கின் முதல் ஓராண்டு ஆராயப்பட்டு அறிக்கையாக வெளிவந்தது. கள்ளுக்கடைக்குப் போன காசு பிறகு எங்கே போயிற்று என்று கேட்பதற்கு, மேடைப்பேச்சு மலிந்த அக்காலத்தில், ஒரு துணிவு வேண்டியிருந்திருக்கும்.

ஆயினும் அது பொருளாதார விளைவுகளின் கணக்கு. குடித்து மாண்டவர் கணக்கு அதன் பணி அன்று. அந்தப் பத்தி இன்றளவும் ஒழுங்காக நிரப்பப்படவில்லை என்பதே நம் கவலை.

ஏற்காட்டுக்குக் கிழக்கே தெரிவது கல்வராயன் மலை. அதன் அடிவாரப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதல் சாவுகள் நிகழ்ந்தபோது, காரணம் சாராயம் அன்று என்றே மாவட்ட நிர்வாகம் சொல்லிற்று. மெத்தனால் உடனே கொல்வதில்லை. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் மருத்துவமனை சேர்ந்தால் மாற்றுமருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. ஆகவே முதல் சாவின் காரணத்தைச் சரியாக எழுதுவது வெறும் பதிவேட்டு வேலையன்று. அதே சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவனுக்கான எச்சரிக்கை அது. அவ்வாறு படுத்திருந்தோர் பலர் பின்னர் சேலம் அரசு மருத்துவமனை வரை கொண்டுவரப்பட்டனர்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் இதை வேறொரு நஞ்சின் வழியே கற்றது. போதைமருந்து மிகையால் சாவுகள் பெருகவே, 2016 ஏப்ரலில் அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்று, யார் எங்கே எதனால் மயங்கி விழுந்தார் என்ற செய்தியைத் தாமதமின்றித் திரட்டுவது. எங்கே நாலாக்சோன் மருந்தை அதிகம் கொடுக்கவேண்டும் என்பதை அத்தகைய கணக்கு காட்டும்.

நம் நாட்டிலும் கணக்கு இல்லாமலில்லை. எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியான போதைப்பழக்க ஆய்வு, 186 மாவட்டங்களில் இரண்டு லட்சம் வீடுகளை எட்டியது. அது உபயோகிப்பவரை எண்ணிற்று, இறந்தவரை அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் கள்ளச்சாராயச் சாவுக்கும் போதைமருந்து மிகைச் சாவுக்கும் தனித்தனி இடமுண்டு. ஆனால் அவை காவல் நிலையம் வரை வந்த சாவுகள். 2020இல் நாட்டில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை ஏறத்தாழ 22 விழுக்காடே.

ஏற்காடு வட்டத்தில் 67 மலைக்கிராமங்கள் என்பார்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு வந்து சேருவதே சில ஊர்களுக்கு ஒரு பயணம். அங்கே இரவில் ஒருவர் இறந்து மறுநாளே அடக்கமாகிவிட்டால், எந்த மருத்துவரும் அவ்வுடலைப் பார்ப்பதில்லை. காரணம் என்ற கட்டத்தில் ஏறுவது வீட்டார் சொல்லும் சொல்: வயிற்றுவலி, அல்லது காய்ச்சல்.