காசில் இரண்டாம் பெயர்: இடைக்கால இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னிகள்

இடைக்கால இங்கிலாந்தின் வரலாறு பெரும்பாலும் அரசர் பெயர்களைக் கொண்டே எழுதப்படுகிறது. ஆயின், எட்கர் மன்னன் ஏறத்தாழ கி.பி. 973இல் நாணயத்தைச் சீரமைத்தது முதல் 1279 வரை அடிக்கப்பட்ட வெள்ளிப் பென்னிகள் பொதுவாக இரு பெயர்களைத் தாங்கியுள்ளன. முன்புறத்தில் அரசன் பெயர்; பின்புறத்தில் காசை அடித்துத் தந்த அக்கசாலையரின் பெயரும் அவர்தம் ஊரும். இவ்விரண்டாம் பெயரைப் பற்றியதே இக்கட்டுரை.

கீழச்சினை மரக்கட்டையில் பதித்து, அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேலச்சினைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். காசின் எடை ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. 240 காசு ஒரு பவுண்டு. எடையோ மாற்றோ குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதைப் பின்புறப் பெயர் காட்டிவிடும். தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே சுட்டுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

இப்பொறுப்பு எத்துணைக் கொடியதாகக் கூடும் என்பதை 1124 காட்டிற்று. அவ்வாண்டு விளைச்சல் பொய்த்தது, காசும் தரங்கெட்டிருந்தது. முதலாம் ஹென்றியின் ஆணைப்படி, சாலிஸ்பரி ஆயர் ரோஜர் அக்கசாலையரைக் கிறிஸ்துமஸ் காலத்தில் வின்செஸ்டருக்கு அழைத்தார். அவர்தம் வலக்கை வெட்டப்பட்டது, விதையும் நீக்கப்பட்டது. நாட்டிலிருந்த அக்கசாலையர் அனைவர்க்கும் இக்கதி நேர்ந்ததுபோல் ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு எழுதுகிறது. ஆனால், அதற்கு முன் காசடித்தவர் சிலரின் பெயர்கள் அடுத்து வந்த காசுகளிலும் காணப்படுகின்றன. ஏட்டுச் சான்றைக் காசுச் சான்று திருத்தும் இடம் இது.

அரசன் பெயரையும் அப்படியே நம்புதற்கில்லை. 1180இல் இரண்டாம் ஹென்றி வெளியிட்ட குறுஞ்சிலுவைக் காசு, ரிச்சர்டு, ஜான் ஆகியோர் ஆட்சியிலும் ‘ஹென்றிகஸ்’ என்றே அடிக்கப்பட்டது. ஜான் காலத்துக் காசினை அடையாளங்காண எழுத்தமைதியோடு அக்கசாலையர் பெயரே பெருந்துணை புரிகிறது.

பெயர் காக்க இயலாத ஒன்றுண்டு. காசு கைமாறியபின் விளிம்பை நறுக்கி வெள்ளி சேர்ப்போரை அது தடுக்கவில்லை. ஒழுங்கற்ற விளிம்பு அவர்க்கு வாய்ப்பாயிற்று. 1247இல் சிலுவையின் கைகள் விளிம்புவரை நீட்டப்பட்டன. நறுக்கினால் தெரிந்துவிடும் என்பது கருத்து. அதுவும் போதவில்லை.

1278 நவம்பரில் முதலாம் எட்வர்டு, இக்குற்றத்தின் பேரில் நாடெங்குமுள்ள யூதர்களைக் கைதுசெய்வித்தான். லண்டனில் மட்டும் 260க்கும் மேற்பட்ட யூதர் தூக்கிலிடப்பட்டனர். தூக்கிலிடப்பட்ட கிறித்தவர் முப்பதின்மர் அளவினரே. நறுக்கியவர் இரு சமயத்திலும் இருந்தனர். தண்டனை அவ்வாறு பகிரப்படவில்லை. ஏற்கெனவே பெருவரிகளால் நலிந்திருந்த அச்சமூகத்தை 1290இல் அரசன் நாட்டைவிட்டே வெளியேற்றினான். 1124இல், தண்டனை கொடிதாயினும், குற்றஞ்சாட்டப்பட்டவர் காசிற் பெயர் பொறித்தவர். 1278இல் தனியொருவர் பொறுப்பு ஓர் இனத்தின் பொறுப்பாக மாற்றப்பட்டது. பொருளியல் நிகழ்ச்சியாக மட்டும் இதனைக் கூறிச் செல்லும் நூல்கள் குறைபாடுடையன என்பது என் கருத்து.

1279இல் புதிய பென்னி வந்தது. காசுகளை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிச் சில்லறையாக்கும் பழைய வழக்கமும் வட்டமான அரைக்காசு, கால்காசுகளின் வரவால் மறையலாயிற்று. பின்புறத்தில் ‘லண்டன் நகர்’ என்பதுபோல் ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக் காசில் மட்டும் ஹாட்லி ஊரினரான ராபர்ட் என்பவரின் பெயர் இன்னும் சிறிது காலம் இடம்பெற்றது.