தானே வாசிக்கும் பியானோ

கோயிலில் பஜனை நடக்கும்போது ஆர்மோனியம் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை துருத்தியை அசைக்கும். மறு கை கட்டைகளை அழுத்தும். கட்டைகளை அழுத்த ஆளே வேண்டாம், துருத்தியைக் காலால் மிதித்தால் போதும், பாட்டு தானே வரும் என்றால் நம்புவீர்களா? அப்படி ஒரு பியானோ இருந்தது. அதன் கதையில் நம் பால்மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்வின் வோட்டி என்பவர் 1895-இல் இதற்கு வழி கண்டார். முதலில் அது பியானோவின் முன்னால் நிறுத்தும் தனிப் பெட்டியாக இருந்தது. மர விரல்களால் கட்டைகளை அழுத்தும். பின்னர் எல்லாவற்றையும் பியானோவுக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று, துளைகள் கொண்ட ஒரு சட்டத்தின்மேல் ஓடும். சட்டத்தில் கட்டைக்கு ஒன்றாக 88 துளைகள். இரண்டு துளைகளும் நேராக வந்ததும் காற்று உள்ளே புகுந்து, மெல்லிய குழாய் வழியே போய் ஒரு வால்வைத் தூக்கும். உடனே சிறு துருத்தி ஒன்று சுருங்கும். சுத்தியல் கம்பியைத் தட்டும். ஆர்மோனியத் துருத்தி காற்றை ஊதுகிறது, இதுவோ உறிஞ்சுகிறது. 1908-இல் உற்பத்தியாளர்கள் பஃபலோ நகரில் கூடி, சுருளின் அகலம் 11¼ அங்குலம் என்று முடிவு செய்தார்கள். ஒருவர் செய்த சுருள் மற்றவர் பியானோவிலும் ஓடியது.

அந்தக் குழாய்கள் ரப்பர். துருத்தியைப் போர்த்திய துணியிலும் ரப்பர்ப் பூச்சு. தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்தியது. 1920-களில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவில் விளைந்தது. அதில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்கா. நம் பாட்டன் பாட்டிமார் இருட்டோடு எழுந்து வெட்டிய பாலும் அந்தப் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் அந்த இசையைக் கேட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

1923-இல் அமெரிக்காவில் செய்த பியானோக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பிறகு வானொலி வந்தது. 1929-இல் பொருளாதாரச் சரிவும் வந்தது, தொழில் படுத்துவிட்டது.

ஆனால் சுருள்கள் மிஞ்சின. ஜெர்மானிய வெல்ட்டே நிறுவனம் 1904 முதல், கலைஞர் வாசிப்பதன் ஏற்ற இறக்கத்தையும் சுருளில் பதிந்தது. இசைமேதை குஸ்தாவ் மாலர் 1905-இல் லைப்சிக் நகரில் அப்படி வாசித்தார். அவர் வாசிப்பு இசைத்தட்டில் இல்லை. அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. பியானோ செத்தால் அதுவும் செத்தது போலத்தான்.

ரப்பரின் குணம் நமக்குத் தெரியாததா? ஆண்டுகள் போனால் இறுகி, வெடித்து, உதிரும். ஆகவே பழுதுபார்ப்பவர் எல்லாக் குழாய்களையும் மாற்ற வேண்டும். துருத்திகளைப் பிரித்துப் புதுத் துணி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குத் தோலிலிருந்து காய்ச்சிய பழைய பசையைத்தான் நல்ல கைகாரர்கள் விரும்புகிறார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும். ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆள் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம் அல்லவா?

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைத்தவர்களும் உண்டு. 1978-இல் பியானோகார்டர் என்ற கருவி வந்தது. கேசட் நாடா கட்டளையிட, மின்காந்தங்கள் கட்டைகளை இயக்கின. 1983-இல் மிடி என்ற மின்னணு இசை முறை வந்தது; பஃபலோவில் நடந்தது போலவே உற்பத்தியாளர்கள் கூடிச் செய்த உடன்பாடுதான். இவற்றை நம்பிப் பலர் பழைய துருத்திகளைக் கழற்றி வீசிவிட்டார்கள். இது நமக்கு ஒப்பவில்லை.

வேறு வழியும் இருக்கிறது. துருத்தி, வால்வு எல்லாம் அப்படியே இருக்கும். குழாய் ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தால் திறந்து மூடும் சின்னஞ்சிறு வால்வு ஒன்றை இணைத்துவிடுகிறார்கள். காகிதத் துளை செய்த வேலையைக் கணினி செய்கிறது. காலுக்குப் பதில் மோட்டார் காற்றை உறிஞ்சுகிறது. வேண்டும்போது அதை நிறுத்திவிட்டு, பழைய சுருளை மாட்டி மிதிக்கலாம். காற்று அதே குழாய் வழியேதான் ஓடும்.