சம்கீலாவைச் சுட்டது யார்?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திருவிழா என்றால் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். முதல் பாட்டு சாமிக்கு. நேரம் ஆக ஆக இரட்டை அர்த்தப் பாட்டுகள். பெருசுகள் திட்டுவார்கள், ஆனால் எழுந்து போகமாட்டார்கள் :-)

இம்தியாஸ் அலியின் 'அமர் சிங் சம்கீலா' (2024) பார்த்தபோது அந்த ராத்திரிகள்தான் ஞாபகம் வந்தன. நம்ம ரஹ்மான் இசை என்பதால் குடும்பத்தோடு உட்கார்ந்தோம்.

சம்கீலாவின் சொந்தப் பெயர் தனி ராம். 1960-ல் லூதியானா அருகே தலித் குடும்பத்தில் பிறந்தவர். துணி ஆலையில் வேலை பார்த்தவர், பாடகராகி பஞ்சாபையே கலக்கினார். கையில் ஒற்றைத் தந்தி தும்பி, கூடப் பாட மனைவி அமர்ஜோத். குடி, கள்ளக்காதல் என்று ஊரில் நடப்பதைத்தான் பாடினார். கனடாவுக்குப் பிழைக்கப் போனவர்களும் கூப்பிட்டு மேடை போட்டார்கள். (நாமும் அப்படித்தானே!) காலிஸ்தான் தீவிரவாதம் நடந்த காலம் அது. மிரட்டல்கள் வந்தன. பக்திப் பாட்டும் பாடிப் பார்த்தார். கூட்டம் கேட்டதோ பழைய பாட்டைத்தான்.

1988 மார்ச் 8. மெஹ்சம்பூர் கிராமத்துக் கச்சேரிக்கு வந்து காரை விட்டு இறங்கியதும் சுட்டார்கள். அவர், அமர்ஜோத், குழுவில் இருவர் என்று நான்கு பேர் செத்தார்கள். அவருக்கு வயது 27. தீவிரவாதிகள் என்றார்கள். தொழில் போட்டி என்றார்கள். ஜாட் சாதிப் பெண்ணைக் கட்டிய கோபம் என்றார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

படம் அந்தக் கொலையில்தான் ஆரம்பிக்கிறது. முடிந்ததும் மகள் கேட்டாள், "சுட்டது யாருப்பா?"

"தெரியாதும்மா" என்றேன். பாட்டைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பெருசுகளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.